கிறிஸ்டோபர் ஃப்ரையும் ஆங்கிலப் பா நாடகமும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



மேலைநாட்டு எழுத்தாளர்களை அறிமுகஞ்செய்யும் இத்தொடரில் இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பவர் ஆங்கில நாடகாசிரியர் கிறிஸ்டோபர் ஃப்ரை. ஷேக்ஸ்பியர், பேர்னாட் ஷோ, ரி. எஸ். எலியட், சாமுவெல் பெக்கெற் ஆகிய பெயர்கள் நம்மிற் பலருக்குப் பழக்கமானவை. ஃப்ரையின் பெயர் அத்துணை பழக்கமானதன்று. ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகப் படித்தவர்கள்கூட இலக்கிய வரலாற்று நூலொன்றில் ஒரு பந்தி அளவிலேயே அவரைச் சந்தித்திருப்பார்கள்.

ஆனால் 1950ஆம் ஆண்டு லண்டனில் நாடகம் பார்க்கும் பழக்கமுள்ள எவரையாவது அணுகி, இன்று மேடையை ஆளும் நாடகாசிரியர் யார் என்று கேட்டிருந்தால், எலியட்டின் பெயருடன் ஃப்ரையின் பெயரும் சேர்ந்தே வந்திருக்கும். பத்து ஆண்டுகள் கழித்து அதே கேள்வியைக் கேட்டிருந்தால் அவர் பெயரை எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓர் எழுத்தாளர் இவ்வளவு விரைவாக உயர்ந்து இவ்வளவு விரைவாக மறக்கப்பட்டது ஏன்? அவருடைய நாடகங்கள் உண்மையில் வெறும் சொல்லலங்காரந்தானா? இவ்விரு கேள்விகளை வைத்துக்கொண்டு அவருடைய வாழ்வையும் எழுத்தையும் சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில் பா நாடகம் பற்றி ஒரு வார்த்தை. ஷேக்ஸ்பியர் காலத்தில் நாடகம் என்றாலே பெரும்பாலும் செய்யுள்தான். அரசனும் காதலனும் கொலைகாரனும் செய்யுளிலே பேசினார்கள். கேட்பவர்களுக்கு அது விந்தையாகத் தோன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் டெனிசன், பிறவுணிங் போன்ற பெருங் கவிஞர்களும் செய்யுளில் நாடகம் எழுதிப் பார்த்தார்கள். அவை பெரும்பாலும் படிப்பறைக்குரியனவாகவே நின்றுவிட்டன. பின்னர் இப்சனும் ஷோவும் உரைநடையிலே நாடகம் எழுதி வெற்றி பெற்றதும், செய்யுளுக்கு இனி மேடையில் இடமில்லை என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

இந்நிலை சற்று மாறத் தொடங்கியது 1930களில். மாற்றம் வந்த வாசல் எதிர்பாராத ஒன்று. தேவாலயத்தின் வாசல் அது. சிச்செஸ்டர் மறைமாவட்ட ஆயராக இருந்த ஜோர்ஜ் பெல் என்பார், சமய நாடகத்தை மீண்டும் வளர்க்க வேண்டும் என்று விரும்பி, ஈ. மார்ட்டின் பிறவுண் என்னும் நெறியாளரை 1930இல் அப்பணிக்கு அமர்த்தினார். 1935இல் கன்ரபரி விழாவுக்காக எலியட் எழுதிய 'தேவாலயத்திற் கொலை' என்ற பா நாடகத்தை மேடையேற்றியவரும் இதே பிறவுண்தான். ஃப்ரையும் இந்த வாசல் வழியாகவே வந்தார். எனினும் எலியட் நடந்த பாதையில் அவர் நடக்கவில்லை.

ஃப்ரை 1907 டிசெம்பர் 18ஆம் திகதி பிறிஸ்டல் நகரிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆதர் ஹமண்ட் ஹரிஸ். தந்தையார் கட்டட வேலை ஒப்பந்தகாரர். பின்பு அத்தொழிலை விட்டுவிட்டு, வறியோர் வாழும் பகுதிகளில் சமயப் பணி செய்தவர். மகனுக்கு மூன்று வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். தாயார்தான் பிள்ளைகளை வளர்த்தார். ஃப்ரை என்பது தாய்வழிக் குடும்பப் பெயர். சிறைச்சாலைகளைச் சீர்திருத்தப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரை அம்மையாரின் உறவுவழி தாங்கள் என்ற நம்பிக்கை அக்குடும்பத்தில் இருந்தது. அந்த அம்மையார் குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். எக்காரணங் கொண்டும் ஆயுதம் ஏந்தலாகாது என்பது குவேக்கர்களின் கொள்கை. ஃப்ரை அந்தப் பெயரை மட்டுமல்ல, அந்தக் கொள்கையையும் தமதாக்கிக்கொண்டார் என்பதை நேயர்கள் மனதிற் கொள்ள வேண்டும். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

பெட்போர்ட் நகரிற் பள்ளிப்படிப்பை முடித்துக்கொண்டு, பதினெட்டு வயதில் ஆசிரியத் தொழிலில் இறங்கினார். பல்கலைக்கழகம் சென்றவரல்லர். 1932இல் டன்பிறிட்ஜ் வெல்ஸ் என்ற ஊரில் ஒரு நாடகக் குழுவைத் தொடங்கி மூன்று ஆண்டுகள் நடத்தினார். பேர்னாட் ஷோவின் 'கிராமத்துக் காதல்' என்ற சிறு நாடகத்தை 1934இல் இங்கிலாந்தில் முதன்முதலாக மேடையேற்றியவர் இவரே; நெறிப்படுத்தியதோடு நடித்தும் இருந்தார். நடிப்பு, நெறியாள்கை, இசையமைப்பு, ஒத்திகை என்று நாடகத் தொழிலின் எல்லா மூலைகளையும் அறிந்த பின்னரே அவர் நாடகாசிரியரானார். மேடையறியாக் கவிஞர்கள் எழுதிய செய்யுள் நாடகங்களுக்கும் ஃப்ரையின் நாடகங்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

1938இல் சசெக்ஸ் பகுதியின் கிராமமொன்றில் நடந்த விழாவுக்காக அவர் எழுதிய பா நாடகம் 'வண்டியோடு வந்த சிறுவன்'. கத்மன் என்ற இடைச்சிறுவன் ஒருவனின் கதை அது. தந்தையை இழந்த அவன், நடக்கவியலாத தாயை ஒரு தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறான். வழியில் வண்டிக் கயிறு அறுந்துவிடுகிறது. வயலிற் புல் அறுத்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். உடனே மழை கொட்டி அவர்கள் அறுத்த புல்லை நனைக்கிறது. ஈற்றில் அச்சிறுவன் ஸ்ரெய்னிங் என்ற இடத்தில் ஒரு தேவாலயம் எழுப்புகிறான். எளிய கதை. கிராமத்தவர்கள் நடிப்பதற்கென எழுதப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின் இதே நாடகம் லண்டனில் ஜோன் கில்குட்டின் நெறியாள்கையில் மேடையேறியது. அப்போது அச்சிறுவனாக நடித்த இளைஞரின் பெயர் றிச்சர்ட் பேர்ட்டன்.

1939இல் ஒக்ஸ்போர்ட் நாடக அரங்கின் பொறுப்பை ஃப்ரை ஏற்றார். அவ்வாண்டே போர் மூண்டது. அவரைப் போருக்கு அழைத்தார்கள். ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று மறுத்தார். மனச்சாட்சியின் பேரில் மறுப்பவர்களை ஆயுதமற்ற பணிப்பிரிவு ஒன்றிற் சேர்த்துக்கொள்வது அன்றைய பிரித்தானியாவின் நடைமுறை. அப்பிரிவில் நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். குண்டுவீச்சில் இடிந்த கட்டடங்களின் இடிபாடுகளை அகற்றுவது அவர்களுடைய வேலைகளில் ஒன்று. துப்பாக்கி தூக்க மறுத்த கவிஞர், துப்பாக்கிகளும் குண்டுகளும் விட்டுச்சென்றவற்றைக் கைகளால் அள்ளிக்கொண்டிருந்தார். அவருடைய நாடகங்களை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவோர் இந்த நான்கு ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

போர் முடிந்த மறுவருடம், 1946இல், லண்டனின் சின்னஞ்சிறு மேர்க்கியூரி அரங்கில் அவருடைய ஓரங்க நாடகம் ஒன்று மேடையேறியது. பெயர் 'அடிக்கடி எழும் பீனிக்ஸ்'. பெற்றோனியஸ் என்ற பண்டைய ரோம எழுத்தாளர் சொன்ன பழங்கதை ஒன்றே இதன் கரு. கணவனை இழந்த இளம்பெண் ஒருத்தி, அவனுடைய கல்லறைக்குள்ளேயே பட்டினி கிடந்து உயிர்விடத் தீர்மானிக்கிறாள். வெளியே தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களைக் காவல் காக்கும் படைவீரன் ஒருவன் விளக்கொளியைக் கண்டு உள்ளே வருகிறான். இருவருக்கும் இடையே காதல் மலர்கிறது. இதற்கிடையில் அவன் காவல் காத்த உடல்களில் ஒன்று களவு போய்விடுகிறது. இனி அவனுக்கு மரணதண்டனைதான். அப்போது அந்தப் பெண் தன் கணவனின் உடலையே அந்த இடத்தில் வைக்கக் கொடுக்கிறாள். இறந்தவனின் உடல் உயிரோடிருப்பவனைக் காப்பாற்றுகிறது. பெற்றோனியஸ் இக்கதையைப் பெண்களின் நிலையாமையைப் பரிகசிக்கச் சொன்னார். ஃப்ரையோ இதனை, சாவின் பக்கத்திலிருந்து உயிரின் பக்கத்துக்குத் திரும்பும் கதையாக மாற்றிவிட்டார்.

அடுத்து வந்ததுதான் அவருக்குப் புகழ் தேடித்தந்த நாடகம்: 'த லேடீஸ் நொட் ஃபோர் பேர்னிங்'. 'இந்தப் பெண் எரிப்பதற்கல்ல' என்று தமிழிற் சொல்லலாம். 1948 மார்ச்சில் லண்டன் ஆர்ட்ஸ் அரங்கில் முதலில் மேடையேறியது. மறுவருடம் ஜோன் கில்குட் இதனைப் பெரிய அரங்கொன்றுக்குக் கொண்டுவந்தார். தாமே கதாநாயகனாக நடித்தார். பமிலா பிறவுண் கதாநாயகி. இளைஞர்களாக இருந்த றிச்சர்ட் பேர்ட்டனும் கிளெயார் புளூமும் துணைப் பாத்திரங்கள். 1950இல் நாடகம் நியூயோர்க்குக்கும் சென்று வெற்றி பெற்றது.

கதை ஏறக்குறைய 1400ஆம் ஆண்டில் ஒரு சிறு நகரத் தலைவரின் வீட்டில் நடக்கிறது. ஏப்ரல் மாதம். தோமஸ் மென்டிப் என்ற படைவீரன், ஏழு ஆண்டுகள் போர் செய்து அலுத்து விலகியவன், அங்கே வந்து தன்னைத் தூக்கிலிடுமாறு கேட்கிறான். தான் கொலை செய்ததாகவும் சொல்கிறான். எவரும் நம்புவதாயில்லை. அதே வேளை ஜெனற் என்ற பெண்ணை ஊர்மக்கள் துரத்திக்கொண்டு வருகிறார்கள். அவள் சூனியக்காரி, பழைய சாமான் பொறுக்கும் கிழவனை நாயாக மாற்றிவிட்டாள் என்பது குற்றச்சாட்டு. அவளை எரிக்க வேண்டும் என்கிறார்கள். அவளிடம் சொத்து இருக்கிறது. அவள் எரிக்கப்பட்டால் அச்சொத்து அதிகாரிகளுக்குச் சேரும் என்பதும் மெல்ல மெல்லப் புரிகிறது. சாக விரும்புகிறவனைத் தண்டிக்க மறுக்கும் சமூகம், வாழ விரும்புகிறவளை எரிக்கத் துடிக்கிறது. நகைச்சுவை நாடகம்தான். ஆனால் இதைவிடக் கசப்பான ஒரு நகைச்சுவை இருக்க முடியுமா? ஈற்றில் அந்தக் கிழவன் குடிபோதையில் உயிரோடு வந்து சேருகிறான். நீதிபதி கண்டும் காணாதவர்போல் இருந்துவிட, விடியற்காலையில் இருவரும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்நாடகத்தின் மொழி பற்றிச் சொல்லாமல் அப்பாற் செல்ல முடியாது. ஃப்ரையின் பாத்திரங்கள் சாதாரணமாகப் பேசத் தொடங்குவார்கள். திடீரென ஓர் உவமை தோன்றும். அந்த உவமையிலிருந்து இன்னொன்று கிளைக்கும். சிலேடை வரும், பழஞ்சொல் வரும், நிலவும் நட்சத்திரமும் சமையலறைப் பாத்திரங்களோடு சேர்ந்து வரும். பிறகு ஒரே சொல்லில் எல்லாம் கவிழ்ந்து சிரிப்பாகிவிடும். எலியட் வேறு வழியிற் சென்றார். நாடகம் பார்ப்பவருக்குத் தாம் கேட்பது செய்யுள் என்பதே தெரியாதவாறு, பேச்சுமொழிக்கு மிக நெருக்கமாகச் செய்யுளைக் கொண்டுவர வேண்டும் என்பது எலியட்டின் கொள்கை. ஃப்ரை செய்யுளை ஒளிக்கவில்லை. இதோ பாருங்கள், இது கவிதை, அனுபவியுங்கள் என்று விரித்து வைத்தார்.

பார்வையாளர்கள் ஏன் அதனை அப்படி வரவேற்றார்கள்? அன்றைய இங்கிலாந்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். போரில் வென்ற நாடுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் பங்கீடு. போர்க்காலத்தில்கூடப் பங்கிடப்படாத பாண், 1946 ஜூலை முதல் 1948 ஜூலை வரை பங்கீட்டு அட்டைக்கே கிடைத்தது. அதாவது இந்நாடகம் முதன்முதல் மேடையேறியபோது லண்டன்வாசிகள் அளந்த பாணைத் தின்றுவிட்டு அரங்குக்கு வந்தார்கள். உணவுப் பங்கீடு முற்றாக நீங்கியது 1954இல். நிறமிழந்த அந்த நகரில், அளவின்றிச் சொற்களை வாரி இறைத்த ஒருவரை அவர்கள் விருந்தாகவே கொண்டாடியதில் வியப்பில்லை.

1950ஆம் ஆண்டு ஃப்ரையின் ஆண்டு எனலாம். ஆண்டின் தொடக்கத்தில் லண்டனின் வெவ்வேறு அரங்குகளில் அவருடைய பெயர். 'வெள்ளி நோக்கல்' எனத் தமிழாக்கக்கூடிய 'வீனஸ் ஒப்சேர்வ்ட்' நாடகத்தை லோரன்ஸ் ஒலிவியர் தாமே தயாரித்து நடித்தார். பிரெஞ்சு நாடகாசிரியர் ஜோன் அனூயின் நாடகமொன்றை ஃப்ரை தழுவி எழுத, இளம் நெறியாளர் பீற்றர் புறூக் அதனை மேடையேற்றினார். அவ்வாண்டு நவம்பரில் அமெரிக்காவின் 'டைம்' சஞ்சிகை தன் அட்டையில் ஃப்ரையின் உருவத்தை வெளியிட்டது.

இப்புகழின் உச்சியில் நின்றபோது அவர் எழுதிய அடுத்த நாடகம் என்ன தெரியுமா? நகைச்சுவை அல்ல. 'கைதிகளின் உறக்கம்'. 1951இல் பிரித்தானிய விழாவையொட்டி எழுதப்பட்டு, அரங்கில் அல்லாமல் தேவாலயங்களில் ஆற்றுகை செய்யப்பட்டது. ஃப்ரையின் நாடகங்களுள் என் மனதை மிகவும் தைத்தது இதுதான். ஆகவே இதனைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எதிரி நாட்டுத் தேவாலயம் ஒன்றில் நான்கு போர்க்கைதிகள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். நால்வரும் ஒரே படையினர், ஒரே பக்கத்தவர்கள். அவர்களுள் டேவிட் என்பவன் முன்கோபி. பீற்றர் என்பவன் எதையும் இலேசாக எடுப்பவன். அந்த இலேசான போக்கே டேவிட்டுக்குச் சினமூட்டுகிறது. பீற்றரின் கழுத்தை நெரிக்கிறான். மற்றவர்கள் விலக்கிவிடுகிறார்கள். இரவு எல்லோரும் உறங்குகிறார்கள். ஒவ்வொருவரும் விவிலியக் கதை ஒன்றைக் கனவாகக் காண, மற்ற மூவரும் அக்கனவிற் பாத்திரங்களாகிறார்கள். முதற் கனவில் டேவிட் காயின், பீற்றர் ஆபேல். அண்ணன் தம்பியைக் கொல்கிறான். அடுத்த கனவில் டேவிட் அரசன், பீற்றர் அவனுடைய மகன் அப்சலோம், மகன் கொல்லப்படுகிறான். மூன்றாவதில் ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடக் கத்தியை ஓங்குகிறான். இம்முறை கத்தி தடுக்கப்படுகிறது. கடைசிக் கனவில் நால்வருமே எரியும் சூளைக்குள் நிற்கிறார்கள். எரிந்து போகாமல் நிற்கிறார்கள். கொலையிலிருந்து தொடங்கி, ஓங்கிய கை நிற்பதுவரை, அதற்கப்பால் நெருப்பையே ஒன்றாகத் தாங்குவதுவரை நாடகம் படிப்படியாக நகர்கிறது.

அங்கே எதிரி மேடைக்கு வருவதே இல்லை என்பதைக் கவனியுங்கள். கழுத்தை நெரித்த கை கூட இருந்தவனின் கை. பகை என்பது எல்லைக்கு அப்பால் இருப்பதல்ல, பக்கத்துப் படுக்கையில் உறங்குவது என்று ஃப்ரை காட்டுகிறார். இதனைச் சொல்வதற்கு அவர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. நான்கு மனிதர்களை உறங்க வைத்தார், அவ்வளவே.

இவ்விடத்தில் நான் வந்தடையும் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரையின் நாடகங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஏறத்தாழ ஒவ்வொன்றிலும் ஓர் உயிர் போகும் நிலையில் நிற்கிறது. அதனைப் போகவிடுவதா காப்பதா என்ற கேள்வி எழுகிறது. கல்லறைக்குள் பட்டினி கிடந்த பெண், எரிக்கப்படவிருந்த ஜெனற், கத்தியின் கீழ்க் கிடந்த ஈசாக்கு எல்லோரும் ஒரே வரிசையைச் சேர்ந்தவர்கள். மோசேயைப் பற்றி 1948இல் மேடையேறிய 'தலைப்பிள்ளை'யில் மட்டும் இது நேர்மாறாகிறது. தன் மக்களை விடுவிக்க எழுந்த மோசே, எகிப்திய அரசனின் மகனைக் காப்பாற்றத் துடிக்கிறான், முடியவில்லை. விடுதலைக்கும் ஒரு குழந்தையின் சாவு விலையாகிறது. அந்த விலையை ஃப்ரை மறைக்கவில்லை. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கு இட்ட தலைப்பைக் கடன் வாங்கிச் சொல்வதானால், ஃப்ரையின் நாடகங்கள் எல்லாவற்றுக்கும் பொருள் கொல்லாமைதான்.

1954இல் வந்த 'இருளே போதிய ஒளி' இதனை இன்னும் கடினமான இடத்துக்குக் கொண்டுசெல்கிறது. 1848ஆம் ஆண்டு ஹங்கேரியக் கிளர்ச்சி. ஒஸ்திரியச் சீமாட்டி ஒருவர், கிளர்ச்சிப் படையை விட்டு ஓடிவந்த ஒருவனுக்குத் தன் வீட்டிற் புகலிடம் கொடுக்கிறார். அவன் நல்லவனல்லன். அவருடைய மகளின் முன்னாட் கணவன், குடிகாரன், நன்றி கெட்டவன். கிளர்ச்சிக்காரர்கள் வீட்டை முற்றுகையிட்டும் அவர் அவனைக் கையளிக்கவில்லை. பின்பு நிலைமை தலைகீழாகிக் கிளர்ச்சித் தளபதியே துரத்தப்பட்டபோது, அவனுக்கும் அதே வீட்டிற் புகலிடம் கிடைக்கிறது. நல்லவனைக் காப்பது எளிது. காப்பதற்குத் தகுதியே இல்லாதவனை ஏன் காக்க வேண்டும் என்பதே நாடகத்தின் கேள்வி. ஈடித் எவன்ஸ் அம்மையார் அந்தச் சீமாட்டியாக நடித்தார்.

ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1955 ஓகஸ்டில் பெக்கெற்றின் 'கொடோவுக்காகக் காத்திருத்தல்' ஆங்கிலத்தில் முதன்முறை மேடையேறியது. எங்கே? ஏழு ஆண்டுகளுக்கு முன் ஃப்ரையின் நாடகம் தொடங்கிய அதே ஆர்ட்ஸ் அரங்கில். அங்கே சொற்கள் வாரி இறைக்கப்படவில்லை, எண்ணிக் கொடுக்கப்பட்டன. மறுவருடம் மே 8ஆம் திகதி ரோயல் கோர்ட் அரங்கில் ஜோன் ஒஸ்போர்னின் 'சினத்தோடு திரும்பிப் பார்' வந்தது. சிறு வாடகை அறை, துணி அழுத்தும் மேசை, படித்தும் வாழ்க்கையில் இடம் கிடைக்காத இளைஞனின் கோபம். விமர்சகர் கெனத் டைனன் அதனைத் தூக்கிப் பிடித்தார். மேடையில் இனி இன்றைய மனிதன் இன்றைய மொழியிற் பேச வேண்டும் என்ற குரல் வலுத்தது. சீமாட்டிகளும் பிரபுக்களும் செய்யுள் பேசிய நாடகங்கள் ஒரே வீச்சிற் பழையனவாகிவிட்டன.

அவர்மீது சொல்லப்பட்ட குறைகளில் உண்மை இல்லையென்று நான் வாதிட மாட்டேன். அவருடைய பாத்திரங்கள் எல்லோரும் ஒரே குரலிற் பேசுகிறார்கள்; நகரத் தலைவருக்கும் எழுதுவினைஞனுக்கும் ஒரே உவமைச் செல்வம். சில இடங்களிற் பேச்சு நகர்கிறது, கதை நிற்கிறது. 'வீனஸ் ஒப்சேர்வ்ட்' நாடகத்தில் இக்குறை வெளிப்படையாகவே தெரிகிறது. ஆனால் அவருடைய சிறந்த நாடகங்களில் அந்தச் சொற்பெருக்கே பொருளாகிவிடுகிறது. தோமஸ் மென்டிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் என்று வந்தவன். உலகத்தைத் திட்டுகிறான். ஆனால் திட்டத் திட்ட, அந்த உலகத்தின் நிறமும் மணமும் அவன் வாயிலிருந்து கொட்டுகின்றன. சாக விரும்புகிறவன் இவ்வளவு ஆசையோடு உலகைப் பற்றிப் பேசுவானா? அவன் வாழ விரும்புகிறான் என்பது அவனுக்குத் தெரியும் முன்பே அவனுடைய மொழிக்குத் தெரிந்துவிடுகிறது. இதனை உரைநடை நாடகத்தில் இவ்வாறு செய்திருக்க முடியாது.

ஃப்ரை ஒஸ்போர்னைப் போல எழுத முயலவில்லை. கோபித்துக்கொண்டு ஒதுங்கவுமில்லை. மொழிபெயர்ப்பில் இறங்கினார். ஜோன் தேவதையைப் பற்றிய அனூயின் நாடகத்தையும், ட்ரோய் போரைப் பற்றிய ஜிரோடூவின் நாடகத்தையும் 1955இல் ஆங்கிலமாக்கினார். ட்ரோய் போர் நடக்காமல் தடுக்க ஹெக்டர் படும் பாட்டைச் சொல்லும் நாடகம் அது. ஃப்ரை அதனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

அவர் திரைப்படத்துக்கும் எழுதினார். 'பென்ஹர்' படத்தைப் பார்த்த நேயர்கள் பலர் இருப்பீர்கள். தேரோட்டப் போட்டியை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படத்தின் வசனங்களிற் பெரும்பங்கு ஃப்ரை திருத்தி எழுதியவை. நெறியாளர் வில்லியம் வைலர் அவரை ரோம் நகருக்கு அழைத்து, படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வசனங்களைச் செப்பனிடச் செய்தார். ஆனால் 1959இல் படம் வெளிவந்தபோது திரைக்கதை ஆசிரியராகத் திரையில் வந்தது கார்ள் டன்பேர்க் என்ற ஒருவரின் பெயர் மட்டுமே. எழுத்தாளர் சங்கத்தின் தீர்ப்பு அவ்வாறு அமைந்தது. பன்னிரண்டு விருதுகளுக்குப் பிரேரிக்கப்பட்ட அப்படம் பதினொரு ஒஸ்கார் விருதுகளை வென்றது. கைநழுவிப்போன ஒரேயொரு விருது திரைக்கதைக்கானது! சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்ற சார்ள்டன் ஹெஸ்டன் மேடையிலேயே ஃப்ரைக்கு நன்றி சொன்னார்.

நாடகத்துக்கு அவர் திரும்பாமல் இல்லை. இரண்டாம் ஹென்றி மன்னனைப் பற்றிய 'கேர்ட்மான்ரில்' என்ற நாடகம் 1961இல் மேடையேறியது. அதுவும் இங்கிலாந்தில் அல்ல. ஒல்லாந்தின் டில்பேர்க் நகரில், டச்சு மொழியில். ஆங்கிலத்தில் மேடையேற மறுவருடமானது. சினத்தில் அரசன் கொட்டிய வார்த்தைகள், பேராயர் பெக்கெற்றின் கொலையில் முடிந்த வரலாறு அதிலே வருகிறது. சொற்களால் வாழ்ந்த ஒரு கவிஞர், சொல்லும் கொல்லும் என்று எழுதியது கவனிக்கத்தக்கது. 1962இல் கவிதைக்கான அரசியின் தங்கப்பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

பின்பு எட்டு ஆண்டுகள் கழித்து, 1970இல், 'ஒரு முற்றம் வெயில்' வந்தது. போர் முடிந்த மறுவருடக் கோடையில், இத்தாலியின் சியெனா நகரில் நடக்கும் கதை. இதனோடு அவர் எண்ணியிருந்த நான்கு பருவ நாடகங்களும் நிறைவு பெற்றன. இளவேனிலுக்கு எரிக்கப்படாத பெண், இலையுதிர்காலத்துக்கு 'வீனஸ் ஒப்சேர்வ்ட்', குளிர்காலத்துக்கு 'இருளே போதிய ஒளி', கோடைக்கு இந்த நாடகம். 1948இல் தொடங்கியதை, நாகரிகம் மாறிப்போய்ப் பதினான்கு ஆண்டுகள் கடந்த பின்னரும் தாம் எண்ணியபடியே முடித்தார். ஓர் எழுத்தாளரின் நேர்மை என்று நான் கருதுவது இதைத்தான்.

அவருடைய பெயரை மறந்த நாடு, அவருடைய சொல்லை மறக்கவில்லை என்பது ஒரு வேடிக்கை. 1980 ஒக்டோபரில் கட்சி மாநாட்டிற் பேசிய பிரதமர் மார்கிரட் தாட்சர், தாம் கொள்கையிலிருந்து திரும்பப்போவதில்லை என்பதைச் சொல்ல, ஃப்ரையின் நாடகத் தலைப்பை ஓரெழுத்து மாற்றிப் பயன்படுத்தினார். 'பேர்னிங்' என்பது 'டேர்னிங்' ஆயிற்று. எழுதிக் கொடுத்தவர் றொனால்ட் மிலர் என்ற நாடகாசிரியர். அந்தப் பேச்சு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஆனால் அந்தத் தலைப்பின் பின்னால் ஒரு பெண்ணை நெருப்பிலிருந்து காப்பாற்றிய நாடகம் இருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஃப்ரை தம் இறுதிக்காலம்வரை சசெக்ஸ் கிராமப்புறத்தில் வாழ்ந்தார். 1936இல் மணந்த மனைவி பிலிஸ் 1987இற் காலமானார். தாம் படித்த பெட்போர்ட் பள்ளிக்காக 2000ஆம் ஆண்டில் ஒரு நாடகம் எழுதிக் கொடுத்தார். அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றிரண்டு. 2005 ஜூன் 30ஆம் திகதி, தொண்ணூற்றேழாவது வயதில் மறைந்தார்.

நகைச்சுவை என்பது உண்மையைக் கண்டு ஓடுவதல்ல, விரக்தியிலிருந்து மயிரிழையிற் தப்புவது என்ற கருத்து ஃப்ரைக்கு இருந்தது. இடிபாடுகளை அள்ளிய கைகளால் எழுதியவர் அப்படிச் சொல்லும்போது அதற்கு ஒரு கனம் உண்டு. ஒஸ்போர்னின் கோபமும் தேவையானதே; பெக்கெற்றின் மௌனமும் தேவையானதே. அவற்றுக்கு இடமளிக்க ஃப்ரையின் மகிழ்ச்சியைத் தள்ளிவிட வேண்டியதில்லை. போரைக் கண்டவன் சிரிக்கக்கூடாது என்று சட்டமில்லை.

ஆங்கிலத்தில் வாசிக்கக்கூடிய நேயர்கள், குறிப்பாக நாடகத்துறையில் ஈடுபட்டுள்ள இளைஞர்கள், 'கைதிகளின் உறக்க'த்திலிருந்து தொடங்கலாம் என்பது என் ஆலோசனை. சிறிய நாடகம். நான்கே நடிகர்கள். காட்சியமைப்பு வேண்டியதில்லை, ஒரு மண்டபம் போதும். வாய்விட்டு வாசியுங்கள், கண்ணால் வாசித்தால் ஃப்ரை பாதிதான் கிடைப்பார். அதன் பின் ஏப்ரல் மாதத்து அந்தப் பெண்ணிடம் போகலாம்.

மற்றுமோர் எழுத்தாளருடன் அடுத்த நிகழ்ச்சியிற் சந்திப்போம்.